கியூஎமுவில் செயலியைத் துவக்கும் நிரலைச் சீரமைத்தல்

கணினி வன்பொருளை மென்பொருளாகப் போலச்செய்யும் கியூஎமு எமுலேட்டரில் ஒரு செயலி (சிபியு) இரண்டு கட்டங்களில் உருப்பெறுகிறது. முதலாவதான ‘இன்ஸ்டன்ஸ் இனிட்’, செயலியின் ஆப்ஜெக்டை நினைவகத்தில் அமைத்து அதன் பண்புகளுக்கு இயல்பு மதிப்புகளைத் தருகிறது. அடுத்து வரும் ‘ரியலைஸ்’, பயனர் கேட்ட பண்புகளெல்லாம் பதிவான பிறகு, அதை இயங்கத் தக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. பழைய நிரலில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதே பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் என்பதால், ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

முதல் கட்டம் தோல்வியடையக் கூடாது. ஆப்ஜெக்டுக்கு வெளியே எதையும் மாற்றவும் கூடாது. சாதனம் ஒன்றின் பண்புகளை நிர்வாக மென்பொருள் கேட்கும்போது, கியூஎமு அதற்கெனத் தற்காலிக ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, பண்புகளைப் படித்துவிட்டு, ரியலைஸ் செய்யாமலேயே அழித்துவிடும். அதற்குள் அந்த ஆப்ஜெக்ட் செயலிகளின் பொதுப் பட்டியலில் சேர்ந்திருந்தால், அழிந்துபோன நினைவகத்தைச் சுட்டும் பாயிண்டர் அங்கே தங்கிவிடும். ஆகவே பட்டியலில் சேர்ப்பது, செயலிக்கு எண் ஒதுக்குவது, விசிபியு (மெய்நிகர் செயலி) த்ரெட்டைத் தொடங்குவது, பிழையைத் திருப்பித் தரக்கூடிய சோதனைகள் ஆகிய அனைத்தையும் ரியலைஸுக்கு நகர்த்துங்கள். போலச்செய்யப்படும் செயலியின் கட்டளைகளை உண்மைக் கணினியின் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் டிசிஜியின் மாறிகளைப் பதிவுசெய்வது போல, செயலிகள் எத்தனை இருந்தாலும் ஒரே முறை நடக்க வேண்டிய வேலைகளுக்கு இரண்டு கட்டங்களுமே இடமல்ல. அவற்றைப் பொது நிரல் அழைக்கும் தனி ஹூக்கில் வைப்பதே முறை.

ரியலைஸுக்குள் வரிசை முக்கியம். பொதுவான செயலி அமைப்பை முதலில் அழைத்து, பிழை வந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். தாய் வகுப்பின் ரியலைஸ் இறுதியில் வரலாம். இடையில் த்ரெட்டைத் தொடங்குவதும் ரீசெட் செய்வதும் எல்லாக் கட்டமைப்புகளிலும் ஒரே வரிசையில் எழுதப்பட்டவை அல்ல. ஆர்ம் கட்டமைப்பில் கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதி) பயன்படும்போது, ரீசெட் கர்னலில் உள்ள விசிபியுவையும் தொடுகிறது. அந்த விசிபியு முன்பே உருவாகியிருக்க வேண்டும். எனவே அழகுக்காக இவற்றை இடம்மாற்றுவது ஆபத்தானது என்றே கருதுகிறேன்.

ரியலைஸ் செய்ததை அன்ரியலைஸ் தலைகீழ் வரிசையில் கலைக்க வேண்டும். இயக்கத்தின் நடுவே செயலியைக் கழற்ற அனுமதிக்கும் எக்ஸ்86 இலக்கில் (கியூஎமு போலச்செய்யும் செயலிக் கட்டமைப்பே இலக்கு) இதில் விடும் குறை விரைவில் வெளிப்படும்.

நிரலை இடம்மாற்றும் பேட்சையும் (மாற்றத் தொகுப்பையும்) நடத்தையை மாற்றும் பேட்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அப்போதுதான் தவறு நுழைந்த மாற்றத்தைத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை தவற்றைச் சரியாகச் சுட்டும். ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் எல்லா இலக்குகளையும் கம்பைல் செய்து, ‘மேக் செக்’ சோதனைகளை, குறிப்பாகச் சாதனப் பண்புகளை ஆராயும் சோதனையை, ஓட்டுங்கள்.