அடுத்தவர் கட்டிய ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? மைன்கிராஃப்ட் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளாக் என்ற கனசதுரத் துண்டுகளால் ஆன உலகில் தோண்டியும் கட்டியும் ஆடும் விளையாட்டு மைன்கிராஃப்ட். அதை ஆடத் தொடங்கிய புதிதில் எல்லோரும் இரண்டு வேலைதான் செய்வோம்: பகலில் தோண்டுவது, இரவில் ஒளிந்துகொள்வது. கொஞ்ச நாளில் அலுத்துவிடும். அப்படி அலுத்துப்போனவர்களுக்கு நான் சொல்லும் மருந்து, ஒரு பழைய சர்வைவல் சர்வருக்கு (பலர் சேர்ந்து ஓர் உலகில் உயிர்பிழைத்து ஆடும் இணைய இடம்) விருந்தாளியாகப் போய், அங்கே இருப்பவர்கள் கட்டிய ஊரை நடந்தே சுற்றிப் பார்ப்பது. எப்படிப் போவது, போன இடத்தில் எதைத் தொடக்கூடாது, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உள்ளே நுழைவது

முதலில் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜாவா, பெட்ராக் என்று இரண்டு உண்டு. ஒன்றில் ஆடுபவர் மற்றதன் சர்வருக்குள் சாதாரணமாக நுழைய முடியாது. ஜாவா என்றால் பதிப்பின் எண்ணும் பொருந்த வேண்டும், சர்வர் 1.20.4 என்றால் லாஞ்சரில் (விளையாட்டைத் தொடங்கும் செயலி) நீங்களும் அதையே தேர்ந்தெடுங்கள். பிறகு மல்டிபிளேயர் பக்கத்தில் சர்வர் முகவரியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஜாவாவில் போர்ட் எண் தனியாகத் தரப்படவில்லை என்றால் அது 25565. நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

2. பையைக் காலி செய்வது

வைரக் கோடரி, நல்ல கவசம் எல்லாவற்றையும் அந்த சர்வரில் உள்ள உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் செத்தால் போவது அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: கையில் கோடரி இருந்தால் கை சும்மா இருக்காது. சாப்பாடு, ஒரு கேடயம், ஒரு படகு போதும். நெதர் என்ற நெருப்பு உலகத்தின் வழியாகப் போவதாக இருந்தால் தங்கத்தில் ஒரு காலணி போட்டுக்கொள்ளுங்கள், அங்குள்ள பன்றி முகப் பிக்லின்கள் தொந்தரவு செய்யாது.

3. வழி கண்டுபிடிப்பது

ஊர்க்காரரிடம் ஆயத்தொலைவைக் கேளுங்கள். ஜாவாவில் எஃப்3 விசையை அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடத்தின் எக்ஸ், ஒய், இசட் எண்கள் தெரியும். பெட்ராக்கில் உலகத்தின் உரிமையாளர் அதைக் காட்டும்படி அமைத்திருக்க வேண்டும். எக்ஸும் இசட்டும்தான் திசை. ஒய் என்பது உயரம் மட்டும்.

கிளம்பும் முன் உங்கள் வீட்டின் எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை.

நடந்தால் நொடிக்கு 4.3 பிளாக் போகலாம், ஓடினால் 5.6. ஊர் 3,000 பிளாக் தள்ளி இருந்தால் நடந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நெதரில் ஒரு பிளாக் நகர்ந்தால் மேல் உலகில் எட்டு பிளாக் நகர்ந்த கணக்கு. அதனால்தான் பழைய ஊர்களுக்கு நெதர் வழியாகச் சுரங்கப்பாதை இருக்கும். அதன் தரையில் நீலப் பனிக்கட்டி பதித்திருந்தால் உங்கள் படகை அதன் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஜாவாவில் நொடிக்கு 70 பிளாக்கைத் தாண்டும். நான் முதல் தடவை போக வேண்டிய போர்ட்டலை (மேல் உலகுக்குத் திரும்பும் வாசல்) கவனிக்காமல் பாதையின் கடைசிச் சுவர்வரை போய் முட்டித்தான் நின்றேன்.

4. ஊருக்குள் நடந்துகொள்வது

வந்ததும் சாட்டில் ஒரு வணக்கம் போடுங்கள். அப்புறம் இவற்றை மனதில் வையுங்கள்.

வயலில் குதிக்காதீர்கள். நடக்கலாம், குதித்தால் உழுத நிலம் வெறும் மண்ணாகிப் பயிர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே இறங்குவதும் இதில் சேர்த்திதான்.

பெட்டியைத் திறக்காதீர்கள், சும்மா பார்க்கத்தான் என்றாலும். யார் எந்தப் பெட்டியைத் தொட்டார்கள் என்று பதிவு செய்யும் ப்ளகின் (கூடுதல் நிரல்) பல சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

சுவரில் சட்டமிட்டு மாட்டிய பொருளை இடது கிளிக் செய்தால் அது கழன்று விழும். வலது கிளிக் செய்தால் சுழலும். சுழன்றால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கம்பரேட்டர் (சமிக்ஞையை அளக்கும் கருவி) இருந்தால், சுழற்சிக்கு ஏற்ப ரெட்ஸ்டோன் சமிக்ஞை, அதாவது விளையாட்டின் மின்சாரம், மாறும். நீங்கள் விளையாட்டாகத் திருப்பியது யாரோ ஒருவரின் ரகசியக் கதவுக்கான பூட்டாக இருக்கலாம்.

கிராமவாசி ஒருவர் படகில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பாவம் என்று படகை உடைத்துவிடாதீர்கள். அவரை அங்கே கொண்டுவர யாரோ ஒரு மாலை முழுக்கச் செலவழித்திருப்பார்.

அருகே வந்து வெடிக்கும் அரக்கனான கிரீப்பர் துரத்தினால் ஊரைப் பார்த்து ஓடாமல் வெளியே பார்த்து ஓடுங்கள். அது சீறத் தொடங்கினால் ஒன்றரை நொடிதான்.

கட்டில் விஷயம் தனி. ஒரு முறை இருட்டிவிட்டது, விருந்தினர் அறை என்று பலகை வைத்த வீட்டில் படுத்துத் தூங்கினேன். மறுநாள் நன்றி சொல்லிவிட்டு என் வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசலிலேயே ஓர் எலும்புக்கூட்டின் அம்பு பட்டுச் செத்தேன். கண் விழித்தது அவர்கள் ஊர் விருந்தினர் அறையில்! கடைசியாகப் படுத்த கட்டில்தான் மறுபடி பிறக்கும் இடம். ஜாவாவில் பகலில் கட்டிலை வலது கிளிக் செய்தால்கூட அது மாறிவிடும். அந்த ஊர்க்காரர்கள் என்னை இரண்டாவது தடவை வழியனுப்பி வைத்தார்கள்.

5. ஊரின் வயதைப் படிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

பெரிய கோட்டையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் ஊர்க்காரரிடம் "முதல் வீடு எது?" என்று கேளுங்கள். ஓக் மரமும் உருளைக்கல்லும் வைத்துக் கட்டிய ஒரு குடிசையைக் காட்டுவார்கள். அனேகமாக அசிங்கமாக இருக்கும், யாருக்கும் இடிக்க மனசு வந்திருக்காது. அங்கிருந்து வெளிப்பக்கமாக நடந்தால் ஊர் எப்படி வளர்ந்தது என்று தெரியும். நெதரில் கிடைக்கும் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லில் தூண்கள் தென்பட்டால் அதைக் கட்டும்போது நெதருக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஊகிக்கலாம். பர்ப்பர் என்ற ஊதா நிறக் கல் இருந்தால் எண்ட் என்ற இன்னோர் உலகம் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

பிளாக்குகளுக்குப் பிறந்த வருடமும் உண்டு. கான்கிரீட் 2017இல் வந்தது. செம்பும் டீப்ஸ்லேட் என்ற கருங்கல்லும் 2021இல், இளஞ்சிவப்புச் செர்ரி மரம் 2023இல். செர்ரிப் பலகையில் தரை போட்ட வீடு அதற்கு முன்னால் கட்டப்பட்டிருக்க முடியாது, புதுப்பித்திருந்தால் ஒழிய.

விளக்குகளையும் பாருங்கள். 2021 கடைசியில் 1.18 பதிப்பு வரும்வரை, வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அரக்கர்கள் முளைப்பார்கள். அதன் பிறகு விளக்கொளி சுத்தமாகப் பூஜ்யமாக இருந்தால்தான் முளைப்பார்கள். அதனால் பழைய தெருக்களில் நாலடிக்கு ஒரு டார்ச் நட்டிருக்கும். புதிய தெருக்களில் விளக்குகள் தள்ளித்தள்ளி, அழகுக்காக இருக்கும். பயந்த சுபாவக்காரர் தெருவாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செம்புக் கூரை இன்னும் சுவாரஸ்யம். செம்பு நாள்பட நாள்பட நான்கு கட்டமாகப் பச்சையாகும். ஆனால் யாராவது ஓர் ஆட்டக்காரர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அது மாறும். ஆகவே ஒரே சமயத்தில் போட்ட இரண்டு கூரைகளில் ஒன்று பச்சையாகவும் மற்றது ஆரஞ்சாகவும் இருந்தால், எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகம் என்று புரியும். தேன்மெழுகு தடவியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

6. படம் எடுப்பது

ஒரு முழுநாள் 20 நிமிடம், பகல் அதில் பாதிதான். சூரியன் உதிக்கும் நேரத்தில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஜாவாவில் எஃப்1 அழுத்தினால் திரையில் உள்ள மற்றதெல்லாம் மறையும், எஃப்2 படம் எடுக்கும், எஃப்5 உங்களையும் சேர்த்துக் காட்டும். எஃப்3 எண்கள் தெரியும்படி எடுத்த படத்தை வெளியே பகிராதீர்கள். வேலையில்லாத யாராவது அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே டிஎன்டி வெடியோடு போய் நிற்பார்கள்.

7. திரும்புவது

ஏதாவது கொடுக்க ஆசை என்றால் ஊர்க்காரரிடமே கேட்டுக் கொடுங்கள். நீங்களாக ஒரு மரத்தையோ பலகையையோ நட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், வேறெதையும் தொடும் முன், உங்கள் கட்டிலில் ஒரு வலது கிளிக்.