பழைய கம்ப்யூட்டர் கிடைத்ததா? முதலில் ஸ்விட்சிலிருந்து கையை எடுங்கள்

காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஈரத்துணியால் ஒரு துடை, கையில் கிடைத்த கரண்ட் ஒயர், ஸ்விட்ச். "ஓடுதா பார்ப்போம்." நானும் அப்படித்தான் செய்தேன். எனக்குக் கிடைத்தது 1980-களின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டரான ஒரு பிபிசி மைக்ரோ. போட்டவுடன் பீப் சத்தம், திரையில் எழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுமார் இருபது நிமிடம் கழித்துப் பின்பக்கத்திலிருந்து வெண்புகை கிளம்பியது. நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. என் பொழுதுபோக்கின் மேல் வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை அந்தப் புகையோடு போயிற்று.

புகைந்தது பவர் சப்ளைக்குள் இருந்த ரிஃபா என்ற பிராண்டு கெப்பாசிட்டர். கரண்ட் உள்ளே நுழையும் இடத்திலேயே, இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் சின்னத் துண்டு. உள்ளே உலோகம் பூசிய காகிதம், வெளியே பழுப்பு மஞ்சளில் கண்ணாடி போன்ற கூடு. வருடம் ஆக ஆக அந்தக் கூட்டில் மயிரிழை வெடிப்புகள் விழும். வெடிப்பு வழியே காற்றின் ஈரம் போகும், காகிதம் அதைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒருநாள் திடீரென்று 230 வோல்ட் கொடுத்தால் சூடாகிப் பொங்கிப் புகையும். பிபிசி மைக்ரோவிலும் ஆப்பிள் டூவின் பல சப்ளைகளிலும் இது உண்டு. நல்லவேளையாக, பெரும்பாலும் இது மட்டும்தான் போகும், மெஷின் பிழைத்துக்கொள்ளும். மாற்றும்போது செய்யும் தவறு வேறு: "அதே மைக்ரோஃபாரட்தானே" என்று சாதாரண 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டரை வைத்துவிடுவது. அது நேரடியாக மெயின்ஸ் கரண்டின் குறுக்கே நிற்கும் இடம். எக்ஸ்2 என்று பொறித்த, 275 வோல்ட் ஏசி தாங்கும் கெப்பாசிட்டர்தான் அங்கே வேண்டும்.

இதைவிட மோசமான தவறு வாங்கும்போதே நடக்கிறது. கடைக்காரரிடம் "ஒருதடவை போட்டுக் காட்டுங்க" என்கிறோம். பாவம், அவரும் போட்டுக் காட்டுகிறார். பத்து வருடம் மழைச்சாரலில் கிடந்த பெட்டி கடைசியாக ஒருமுறை வெடித்துவிட்டு ஓய்கிறது. அது ஓடுமா ஓடாதா என்பதை வைத்து விலை பேசாதீர்கள். "ஓடாது" என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற விலை கொடுங்கள். ஓடினால் லாபம்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. முதலில் பெட்டியைத் திறந்து போட்டோ எடுங்கள். எந்த ஒயர் எதில், ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம், ஜம்பர்கள் (போர்டில் பின்களை இணைக்கும் குட்டி மூடிகள்) எப்படி இருந்தன, எல்லாம். பிறகு பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து பிரித்துத் தனியாகச் சோதியுங்கள். பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், அது 230-இல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த மெஷின் என்றால் இதை இரண்டுமுறை பார்க்க வேண்டும். 115-இல் வைத்து நம் கரண்டைக் கொடுத்தால் சப்ளை பாழாக ஒரு நொடிகூட ஆகாது. இன்னொன்று: அந்தக் காலத்து சப்ளைகள் பல, சுமை இல்லாமல் கிளம்பாது. சுமை கொடுக்காமல் போட்டுப் பார்த்துவிட்டு "சப்ளை செத்துப்போச்சு" என்று நல்ல சப்ளையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. உதவாத பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் போதும். 5 வோல்ட் கம்பியில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் வர வேண்டும். டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு, அதாவது வரிசையில் ஒரு குண்டு பல்பு மாட்டிய பலகை, முதல் தடவை கரண்ட் கொடுக்க நல்ல காவல். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும்.

கமடோர் 64 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. 1982-இல் வந்த மெஷின் அது. அதன் செங்கல் போன்ற அடாப்டர் 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் கொடுக்கும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் நின்றுபோவதற்குப் பதிலாக ஏறும். ஏறிய வோல்டேஜ் முதலில் தின்பது மெமரி சிப்புகளை. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். பழைய அடாப்டரை ஞாபகார்த்தமாக அலமாரியில் வையுங்கள், ஓட்டுவதற்குப் புதியது வாங்குங்கள்.

ஆசிட் இல்லை, காரம்

286, 386, 486 என்ற பழைய பிசிகளின் மதர்போர்டுகளில் கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் நீல நிறத்தில், பீப்பாய் போல ஒரு பேட்டரி இருக்கும். 3.6 வோல்ட், நிக்கல்-கேட்மியம். கடிகாரமும் செட்டிங்குகளும் மறக்காமல் இருப்பதற்காக வைத்தது. பெட்டி ஓடுகிறதோ இல்லையோ, அது கசியும். பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு கட்டி, செம்புத் தடங்களை அரித்து, சாக்கெட்டுகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து போகும். கமடோர் கம்பெனியின் அமிகா 500 பிளஸ், 2000, 4000 ஆகியவற்றிலும் இதே கதைதான். "இன்னும் கசியவில்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவைப்பது இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிகமான போர்டுகளைக் கொன்ற தவறு என்று தோன்றுகிறது. வாங்கிய அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். செட்டிங் போய்விடுமே என்றால், ஹார்டு டிஸ்க்கின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், கொடுக்க வேண்டிய எண்களை அதை வைத்துத் தேடி எடுக்கலாம். உதாரணமாக 20 எம்பி சீகேட் எஸ்டி-225-க்கு 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர். பழைய பயாஸ்களின் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஓடும் அடிப்படை நிரலின்) பட்டியலில் அது டைப் 2.

கசிந்ததைச் சுத்தம் செய்வதில்தான் வேடிக்கை. எல்லோரும் அதை "பேட்டரி ஆசிட்" என்கிறார்கள், ஆகவே சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். கார் பேட்டரிக்கு அது சரி. இங்கே கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காரத்தின் மேல் சோடாவைப் போட்டு என்ன பயன்? வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தேயுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். நன்றாகக் காய விடுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு: பேட்டரியை எடுத்த இடத்தில் அப்படியே ஒரு சிஆர்2032 பட்டன் செல்லைச் சால்டர் செய்து ஒட்டுவது. பழைய பேட்டரி சார்ஜ் ஆகக்கூடியது, போர்டு அதைச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். பட்டன் செல் சார்ஜ் ஏற்றக் கூடாதது. நடுவில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு போடாவிட்டால் அது வீங்கும், வெடிக்கவும் செய்யலாம். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று நான்கு பின் உண்டு. மூன்று ஏஏ செல் போடும் டப்பாவை அங்கே மாட்டிப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டால் ஒரு கவலை குறைந்தது.

மெக்கின்டோஷ் எஸ்இ/30, கிளாசிக் காலத்து ஆப்பிள்களில் வேறு வகை: குட்டையான 3.6 வோல்ட் லித்தியம் செல். அது சிலவற்றில் வெடித்தே போயிருக்கிறது. சுற்றியுள்ள இரும்புச் சட்டமே துருவாக உதிர்ந்த போட்டோக்களைப் பார்த்தால் தெரியும்.

செருக முடிந்தால் சரியானது என்று அர்த்தமில்லை

இன்றைய யுஎஸ்பி பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியவே நேரமாகும். அந்தக் காலத்தில் ஒரே வடிவத்துச் சொருகியில் வேறுவேறு விஷயங்கள் ஓடின. ஐபிஎம் பிசியின் இரண்டு தலைமுறைகளான எக்ஸ்டி, ஏடி இரண்டின் கீபோர்டுக்கும் ஒரே ஐந்து பின் சொருகி, ஆனால் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. அதனால் நல்ல கீபோர்டைக் கெட்டுப்போனதாக நினைத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். இதில் நஷ்டம் நேரம் மட்டும்தான்.

மானிட்டரில் நஷ்டம் நிஜமானது. எம்டிஏ, சிஜிஏ என்ற இரண்டு பழைய டிஸ்ப்ளே கார்டு வகைகளுக்கும் ஒன்பது பின். ஆனால் எம்டிஏ ஓடுவது சுமார் 18.4 கிலோஹெர்ட்ஸில், சிஜிஏ 15.7-இல். ஐபிஎம்மின் பச்சைத்திரை 5151 மானிட்டரைச் சிஜிஏ கார்டில் மாட்டினால் மானிட்டரே பாழாகலாம்.

ஏடி சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பி8, பி9 இரண்டு சொருகிகளையும் இடம் மாற்றிச் செருக முடியும். செருகினால் போர்டு காலி. இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். கறுப்போடு கறுப்பு, அவ்வளவுதான் நினைவில் வைக்க வேண்டியது.

பிக்சர் டியூப் மானிட்டரைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பழைய டிவி மெக்கானிக் யாராவது தெரிந்தால் அவரிடம் போங்கள்.

துடைப்பதிலும் ஒரு நிதானம்

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்கை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைப்பது 2008 வாக்கில் பரவிய பழக்கம். தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின் சேர்மங்கள்தான் மஞ்சளுக்குக் காரணம் என்று சொல்வார்கள். வெளுக்கும், உண்மை. ஆனால் சமமாகத் தடவாவிட்டால் தேமல் போலத் திட்டுத்திட்டாக வெளுக்கும், அதை மறைக்க வழியில்லை. சில வருடத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. நம் ஊர் வெயில் சாதாரண வெயில் இல்லை, மொட்டைமாடியில் வைத்தால் கூடே வளைந்துவிடும். என்னைக் கேட்டால் மஞ்சளாகவே இருக்கட்டும். வயசானது தெரிந்தால் என்ன?

ஃப்ளாப்பி டிரைவ் ஓடவில்லை என்று தேங்காய் எண்ணெய் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மார்கழிக் குளிரில் அது உறைந்தது, பிறகு சிக்குப் பிடித்தது. பழைய பசையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாக வைத்தால் ஆயிற்று.

துடைக்கும் வேகத்தில் சிப்புகளின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அது ஈப்ராம் என்ற மெமரி சிப். அந்த ஜன்னல் வழியே புறஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழியும். ஸ்டிக்கர் அழகுக்கு ஒட்டியதல்ல. நிறுவனங்கள் ஒட்டிய சாமான் எண்ணையும் உரிக்காதீர்கள். அந்தப் பெட்டி எந்த வங்கியில், எந்தக் கல்லூரியில் உழைத்தது என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

கிடைத்ததைப் பற்றிப் பேசும்போது

"ரொம்ப ரேர்" என்பது முதல் தவறு. கமடோர் 64 கோடிக்கு மேல் விற்றது. பழையது என்பதாலேயே அரிது ஆகிவிடாது. இன்னொருவர் கேட்கும் விலையைப் பார்த்து மதிப்புப் போடுவதும் அப்படியே. கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் கணக்கு.

வயதைச் சொல்வதில் இன்னொரு குழப்பம். சிப்பின் மேல் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 8534 என்றால் 1985-ஆம் வருடத்தின் 34-ஆவது வாரம். ஆனால் 7432 என்று கண்டதும் "1974-ஆம் வருட மெஷின்!" என்று துள்ளக் கூடாது. அது 7400 வரிசையில் ஒரு சாதாரண லாஜிக் சிப்பின் பெயர். போர்டில் உள்ளவற்றில் கடைசித் தேதி எதுவோ, அதற்கு முன்னால் போர்டு முழுமை பெற்றிருக்க முடியாது. நடுவில் யாராவது சிப் மாற்றியிருக்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: "இது வெறும் பிபிசி மைக்ரோதானே." மேலே எஸ்சிஎல் யூனிகார்ன் என்று பெயர் இருந்தால், அது மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு சிப் ஆலையிலிருந்து வந்தது. 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டம் நம் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த காலத்து மெஷின். 1989-இல் அந்த ஆலை தீயில் பெருஞ்சேதம் அடைந்தது. லண்டன் சேகரிப்பாளருக்குச் சாதாரணமாகப் படும் பெட்டியின் பெயர்ப்பலகை நமக்கு வேறு கதை சொல்கிறது. கூட்டை மாற்றி "ஒரிஜினல் பிபிசி" ஆக்கிவிடாதீர்கள்.

யாரிடமாவது உதவி கேட்டால், போர்டின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் எடுத்து, எண்கள் படிக்கும்படி காட்டுங்கள். மூடிய பெட்டியின் படத்தைப் போட்டு "இது ஓடுமா சார்?" என்றால் ஜோசியர்தான் சொல்ல வேண்டும்.

டிஸ்க்கை அழிக்கும் முன்

ஃப்ளாப்பிகள் கிடைத்தால் உடனே டிரைவில் போடாதீர்கள். நடுவைச் சுழற்றி ஜன்னல் வழியே பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் இது சகஜம். ஒரு பூஞ்சண டிஸ்க், டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டை அழுக்காக்கும், அந்த ஹெட் அடுத்து வரும் நல்ல டிஸ்க்குகளையும் கீறும். அடுத்து, எழுத விடாமல் பூட்டுங்கள். 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை டேப்பால் மூடினால் பூட்டு. 3.5 அங்குலத்தில் தலைகீழ், ஓட்டை திறந்திருந்தால் பூட்டு. பூட்டாமல் விண்டோஸ் 95-இல் போட்டால், நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் அது முதல் செக்டரில் தன் குறியை எழுதிவிடும்.

நண்பர் ஒருவருக்கு மூடிப்போன டிடிபி சென்டரின் 486 ஒன்று கிடைத்தது. கேம் விளையாடும் அவசரத்தில் அன்றே டிஸ்க்கை ஃபார்மட் செய்தார். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும்: பாமினி ஒருவகை, டிஸ்கி ஒருவகை, டேப், டேம் என்று 1999-இல் வந்தவை ஒருவகை, இவை தவிர ஆளுக்கொரு நிறுவனம் ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அது வெறும் குப்பை என்று நினைத்துத்தான் அவர் அழித்தார். அதைப் படிக்க வைக்கும் எழுத்துருவும் பெரும்பாலும் அதே டிஸ்க்கில்தான் இருந்திருக்கும். ஆகவே முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுங்கள், எழுத்துருக் கோப்புகளோடு சேர்த்து. அதன் பிறகு விளையாடிக்கொள்ளலாம். உள்ளே கல்யாணப் பத்திரிகையும் வீட்டுப் பத்திரமும் கணக்கும் இருக்கும். எழுத்துருவைக் காட்டுங்கள், மெஷினைக் காட்டுங்கள், பத்திரிகையில் இருக்கும் பெண் மாப்பிள்ளை பெயரைக் காட்டாதீர்கள்.