ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள்: வெளிநாட்டில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை நிறத்தில் ஒரு தேயிலைத் தூள் வேண்டுமென்றால் இன்று எந்த ஊரிலும் கிடைத்துவிடும். அது நீங்கள் தேடிய தூள்தானா என்பதில்தான் சிக்கல். ஜப்பானுக்கு வெளியே இருந்துகொண்டு இதை வாங்குபவர்களுக்குப் பணம் வீணாவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொன்றை வாங்கிவிடுகிறார்கள். அதையும் தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள்.

பச்சையாக இருப்பதெல்லாம் மாட்சா என்று நினைப்பது

பெரிய தவறு இதுதான். சூஷி உணவகங்களில் கோப்பையில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டு வெந்நீர் பிடித்துக் குடிப்பார்களே, அந்தச் சுவையைத் தேடிப் பலர் மாட்சா டப்பா வாங்குகிறார்கள். உணவகத்தில் தருவது வேறு தூள். அதன் பெயர் ஃபுன்மட்சுசா: சென்சா போன்ற சாதாரணப் பச்சைத் தேயிலையை அப்படியே பொடித்தது. 100 மில்லி வெந்நீருக்கு அரை கிராம் போதும். கரண்டியால் கலக்கினாலே குடிக்கலாம். சற்றுத் துவர்க்கும், விலையும் குறைவு. தினமும் நான்கைந்து கோப்பை குடிப்பவருக்கு இதுவே பொருத்தம்.

மாட்சா செய்யும் முறையே வேறு. பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பிருந்தே செடிகளை நிழலில் மூடி வைப்பார்கள். வெயில் குறைந்தால் இலைக்கு இனிமையான சுவை தரும் தியானின் என்ற சத்து துவர்ப்பாக மாறுவது குறையும், பச்சையமும் கூடும். பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். இப்படிக் கிடைக்கும் இலைக்கு டென்சா என்று பெயர். அதை அரைத்தால்தான் மாட்சா. கோப்பைக்கு 2 கிராம் போட்டு நுரை வர அடித்துக் குடிப்பது இதைத்தான்.

பெயரால் ஏமாற்றும் இன்னொன்று கொனாசா. ‘கொனா’ என்றால் தூள் என்றாலும், இது சென்சா தயாரிக்கும்போது மிஞ்சும் உடைந்த துணுக்குகள்தான். நீரில் கலக்காது, வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். நல்ல தேநீர்தான், ஆனால் பாலில் கலக்கவோ கேக்கில் போடவோ உதவாது.

கடைசி வகை இன்ஸ்டன்ட். தேநீர்ச் சாற்றை உலர்த்தி, பெரும்பாலும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளைச் சேர்த்துச் செய்வது. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், கண்ணாடி டம்ளரில் கலக்கி ஐந்து நிமிடம் தொடாமல் வையுங்கள். இலையை அரைத்த தூளாக இருந்தால் அடியில் பச்சை வண்டல் படியும். இன்ஸ்டன்ட் என்றால் அடி சுத்தமாக இருக்கும். இரண்டும் கலந்த தூள்களும் உண்டு. அவற்றில் வண்டல் கொஞ்சமாகப் படியும்.

முன்பக்கத்தை மட்டும் படிப்பது

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கிண்ணமும் தூளை நுரைக்க அடிக்கும் மூங்கில் மத்தும் படமாக இருக்கும். உண்மை பின்பக்கத்தில் இருக்கிறது. சேர்பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சாகும். முதலில் சர்க்கரை என்றிருந்தால் அது லாட்டே கலவை, அவ்வளவுதான். மாட்சா என்றால் அந்தப் பட்டியலில் தேயிலை ஒன்றே இருக்க வேண்டும். இறக்குமதியாளர் ஒட்டும் உள்ளூர் மொழி ஸ்டிக்கர் பல சமயம் ஜப்பானியப் பட்டியலின் மேலேயே இருக்கும், இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாட்சாவையும் ஃபுன்மட்சுசாவையும் ‘பச்சைத் தேயிலைத் தூள்’ என்று ஒரே பெயரில் எழுதுவதுண்டு. அதனால் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் ஜப்பானியப் பெயரை (மாட்சா 抹茶, ஃபுன்மட்சுசா 粉末茶) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது நல்லது.

தேதியிலும் கவனம் வேண்டும். ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். 26.10.05 என்பது 2026 அக்டோபர் 5. 26ஆம் தேதி அல்ல. சில பொருட்களில் ரெய்வா என்ற, பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கும் வரும். ரெய்வா 7 என்றால் 2025, ரெய்வா 8 என்றால் 2026.

‘செரிமோனியல்’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பது

தேநீர்ச் சடங்குக்கு ஏற்ற தரம் என்ற பொருளில் டப்பாவில் அச்சிடும் இந்தச் சொல்லுக்கு ஜப்பானில் சட்டப்படியான தரவரையறை எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சந்தையில் பரவிய விற்பனைச் சொல் இது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஜப்பானியத் தேயிலைக் கடைகள் பயன்பாட்டை வைத்துப் பிரிக்கின்றன: கெட்டியாகக் கலக்கும் கொய்சாவுக்கு, நீர்க்கக் கலக்கும் உசுசாவுக்கு, சமையலுக்கு என்று. விற்பவரால் இந்த மூன்றில் எது என்று சொல்ல முடிந்தால் அதுவே நல்ல அறிகுறி. ஊர், எந்தப் பருவத்துப் பறிப்பு, எப்போது அரைத்தது ஆகியவற்றையும் கேளுங்கள்.

‘கல்லில் அரைத்தது’ என்பதையும் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும். ஒரு கல் இயந்திரம் மணிக்கு 40 கிராம் அளவில்தான் அரைக்கும். வேகமாகச் சுழற்றினால் சூடேறி மணம் போய்விடும். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு ஒரு கல் முழுதாக ஒரு நாள் ஓட வேண்டும். மலிவான கிலோ பையில் இந்த வாசகத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவது நியாயம். சமையலுக்கானவை பெரும்பாலும் கல் அல்லாத வேறு வகை இயந்திரங்களில் அரைபடுகின்றன. கேக்குக்கு அது தாராளமாகப் போதும்.

ஊர்ப் பெயரிலும் நுணுக்கம் உண்டு. கியோட்டோ மாகாணத்து ஊரான உஜியின் பெயர் தாங்கிய உஜி தேயிலை என்பதற்கு அங்குள்ள வணிகர் சங்கம் வகுத்த வரையறைப்படி, கியோட்டோவோடு நாரா, ஷிகா, மியே மாகாணங்களில் விளைந்து கியோட்டோவில் பதப்படுத்தியதும் அடங்கும். ‘ஜப்பானிய முறை’ என்று மட்டும் இருந்தால் வேறு நாட்டில் விளைந்ததாக இருக்கலாம். நிஷியோ, யாமே, ககோஷிமா ஊர்களின் தூளை உஜி இல்லை என்பதற்காக ஒதுக்குவது தேவையற்ற இழப்பு. 2024 இலையுதிர் காலம் முதல் கியோட்டோவின் பெயர்பெற்ற கடைகளே ஒருவருக்கு இத்தனை டப்பாதான் என்று கட்டுப்பாடு வைத்தன. அந்தத் தட்டுப்பாட்டில் மறுவிற்பனையாளரிடம் இரட்டை விலைக்கு வாங்குவதைவிட, இந்த ஊர்களின் தூளை நேரடியாகத் தேடுவது மேல். மறுவிற்பனை டப்பா எத்தனை மாதம் எந்த வெப்பத்தில் கிடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

கையில் வந்ததும் சோதிக்காமல் விடுவது

திறந்ததும் கால் கரண்டி தூளை வெள்ளைத் தாளில் வைத்து விரலால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். நல்ல மாட்சா இடைவெளியில்லாமல் வழுவழுப்பாக நீண்ட கோடாக விழும். மட்டமானது திட்டுத்திட்டாக அறுந்து, விரலில் மணல்போல் நெருடும். நிறம் தளிர் இலையின் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ பாசி நிறமோ தட்டினால் இலை முதிர்ந்ததாகவோ தூள் பழையதாகவோ இருக்கும். வைக்கோல் மணம் வந்தால் குடிக்க உதவாது. மாவுப் பலகாரத்தில் தீர்த்துவிடலாம். கடையிலேயே தவிர்க்கலாம் என்றால், ஒளி படும் அலமாரியில் கண்ணாடிபோன்ற பையில் வைத்திருப்பதை எடுக்காதீர்கள்.

நல்ல தூளும் கொதிநீரில் கசக்கும். அதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், 2 கிராமைச் சல்லடையில் சலித்து, 80 டிகிரிக்கு ஆறவைத்த 70 மில்லி நீரில் அடித்துப் பார்க்க வேண்டும். 2 கிராம் என்பது ஏறக்குறைய மட்டமாகத் தட்டிய ஒரு டீஸ்பூன்.

இலையை முழுதாக விழுங்குகிறோம் என்பதால் காஃபீனும் முழுதாக வருகிறது. 2 கிராமில் சுமார் 60 மில்லிகிராம். வைட்டமின் கே சத்தும் சேர்ந்தே வரும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மொத்தமாக வாங்கிச் சேமிப்பது

தபால் செலவை மிச்சப்படுத்த நூறு, இருநூறு கிராம் பையை வரவழைப்பவர்கள் உண்டு. 30 கிராம் டப்பாவில் 15 கோப்பை வரும். திறந்தபின் ஒரு மாதத்துக்குள் தீர்ந்தால்தான் மணம் இருக்கும். வாரத்துக்கு மூன்று கோப்பை குடிப்பவருக்கு 20 கிராம் டப்பாவே போதும். தபாலுக்காகச் சேர்த்து வாங்குவதென்றால் பெரிய பை ஒன்றைவிடச் சிறிய டப்பாக்கள் நான்கு நல்லது; திறக்காதவை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த தூளின்மேல் அறைக் காற்றின் ஈரம் படிந்து, அடுத்த நாளே கட்டி தட்டி நிறம் மங்கும். முந்தின இரவே எடுத்து வெளியில் வைத்து, டப்பாவின் அடி கைக்குச் சில்லென்று படாத நிலை வந்தபின் திறக்கலாம்.