காற்றும் ஒரு ரெசிஸ்டர்தான்: கடலோரத்தில் சர்க்யூட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் இருக்கும் அக்கா வீட்டுக் கொல்லைக் கதவுக்கு ஒரு தொடு அலாரம் செய்து கொடுத்திருந்தேன். இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர் (சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கும் மூன்று கால் பாகம்), ஒரு பஸ்ஸர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் தகடு. விரல் பட்டால் கத்தும். மதுரையில் என் அறையில் வைத்து ஒரு வாரம் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. வாடைக்காற்று எடுத்த மாதத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, யாருமே தொடல. அது பாட்டுக்கு ராத்திரியெல்லாம் கத்துதுடா. பிள்ளைகள் தூங்கவே இல்ல."

போய்த் திறந்து பார்த்தேன். போர்டின் செம்புக் கோடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு, நடுவில் வெள்ளையாகப் பூத்த உப்பு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 20 மெகா ஓம் ரேஞ்சில் போட்டு, இரண்டு தகடுகளுக்கும் நடுவே அளந்தேன். பகல் வெயிலில் மீட்டர் அசையவில்லை. போர்டின் மேல் வாயால் ஒருமுறை 'ஹா' என்று ஊதினேன். எண் சடசடவென்று இறங்கி 1 மெகா ஓமுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காய்ந்த விரலின் ரெசிஸ்டன்ஸும், அதாவது மின்தடையும், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த சர்க்யூட்டுக்கு விரலும் ஈரக்காற்றும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கின்றன.

மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என்று நம் கரையில் எங்கே ஒரு போர்டை வைத்தாலும் அதன் மேல் மெல்லிய உப்புப் படலம் ஏறிவிடும். இரவானதும் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். வரைபடத்தில் யாரும் போடாத ஒரு ரெசிஸ்டர், போர்டில் இருக்கும் ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இணையத்திலிருந்து எடுக்கும் சுருக்கமான சர்க்யூட்டுகள் நம் ஊரில் சொதப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சர்க்யூட் சரியாகத்தான் இருக்கும், அது உலர்ந்த ஊருக்காக வரைந்தது.

ஆகவே முதல் தவறு, மெகா ஓம் அளவில் ரெசிஸ்டர் போடுவது. 555 டைமரில் (நேரம் கணக்கிடும் ஐசியில்) 1 மெகா ஓம் போட்டு நீண்ட நேரம் எடுப்பதை விட, 100 கிலோ ஓம் போட்டு கெபாசிட்டரைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். நேரம் 1.1 பெருக்கல் ஆர் (ரெசிஸ்டர்) பெருக்கல் சி (கெபாசிட்டர்) என்பதால் கணக்கு மாறாது. 1 மெகா ஓமுக்குக் குறுக்கே உப்பு இன்னொரு 1 மெகா ஓமை வைத்தால் நேரம் பாதியாகிவிடும். 100 கிலோ ஓமுக்குக் குறுக்கே வைத்தால் பத்து சதவீதம்கூட மாறாது.

இரண்டாவது தவறு, டிரான்சிஸ்டரின் பேஸை, அதாவது அதை இயக்கும் காலை, எதோடும் கட்டாமல் அந்தரத்தில் விடுவது. இரண்டு பிசி547-ஐ, ஒன்று பெருக்கியதை அடுத்தது மறுபடி பெருக்கும்படி, டார்லிங்டனாகச் சேர்த்தால் பெருக்கம் பல்லாயிரம் மடங்கு. பஸ்ஸர் கத்த 20 மில்லிஆம்ப் வேண்டும் என்றால் பேஸில் 1 மைக்ரோஆம்ப்கூட வேண்டியதில்லை. 9 வோல்ட்டில் 1 மெகா ஓம் கசிவே 8 மைக்ரோஆம்ப் கொடுத்துவிடுகிறது. பேஸிலிருந்து மைனஸுக்கு ஒரு 100 கிலோ ஓம் போட்டால், 13 மைக்ரோஆம்ப் வரை அது இழுத்துக்கொண்டு போய்விடும், கசிவால் அலாரம் எழாது. ஆனால் அப்போது காய்ந்த விரலுக்கும் எழாது. அதனால்தான் நம் கரைக்குத் தொடு சுவிட்ச் சரிப்படாது என்கிறேன்.

அக்கா வீட்டில் நான் மாற்றி வைத்தது ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு மெல்லிய தகடு. காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். கண்ணாடிக்குள் உப்பு போக வழியில்லை. கதவில் காந்தம், நிலையில் ரீட் சுவிட்ச், ஒரே ஒரு பிசி547. பிளஸ்ஸிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து மைனஸுக்கு ரீட் சுவிட்ச். கதவு மூடியிருக்கும்வரை பேஸ் மைனஸோடு அழுத்தமாகக் கட்டுண்டு கிடக்கும், எந்தக் கசிவும் அதை அசைக்காது. கதவு திறந்தால் பேஸ் விடுபட்டுப் பஸ்ஸர் கத்தும். காத்திருக்கும்போது 0.2 மில்லிஆம்ப்தான் செலவு. நல்ல 9 வோல்ட் பேட்டரி மூன்று மாதம் தாங்கும்.

போர்டைக் கழுவாமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறு. சால்டரிங் வைத்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸ் பிசின் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷை இரண்டு கோட் அடியுங்கள். சுவிட்ச், பிரீசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) மேல் மட்டும் படக்கூடாது. கழுவியதும் அந்த 'ஹா' சோதனையை மறுபடி செய்து பாருங்கள். தகரம் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் போர்டில் தொடாதீர்கள். பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) சோதனைக்கு மட்டும்தான். அதன் உள் கிளிப்புகள் இங்கே சில மாதங்களில் கறுத்துவிடும்.

தண்ணீர்த் தொட்டி

நம் பகுதியில் எல்லோரும் முதலில் செய்வது தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம்தான். நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பது இந்த ஒரு வேலைக்கு வசதி. உவர்நீர் நன்றாகக் கடத்தும், அதனால் டார்லிங்டன் தேவையே இல்லை. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், பேஸிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் போதும். தொட்டி மூடியில் துளிர்க்கும் ஈரத்துக்கு அது ஏமாறாது.

தவறு கம்பியில் இருக்கிறது. செம்பு வயரின் நுனியைச் சீவித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடும் மின்சாரம் (டிசி) தண்ணீரில் பாய்ந்தால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மில்லிஆம்ப் ஒரு நாள் முழுக்கப் பாய்ந்தால் சுமார் 57 மில்லிகிராம் செம்பு கரையும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தின் எடை 90 மில்லிகிராம். அதாவது இரண்டு நாளில் ஒரு சென்டிமீட்டர் வயர் காணாமல் போய்விடும். கரைந்த செம்பு எங்கே போகிறது? நாம் குளிக்கும் தண்ணீரில்தான். எவர்சில்வர் கம்பி போட்டால் மெதுவாகப் போகும், ஆனால் உவர்நீரில் பிளஸ் பக்கத்து எவர்சில்வரும் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி உண்டு. டார்ச் லைட்டில் போடும் பழைய சாதா பேட்டரிக்கட்டையை உடைத்தால் நடுவில் ஒரு கறுப்புக் கரிக்குச்சி இருக்கும். அதைக் கழுவித் தேய்த்துப் பிளஸ் பக்கத்துக்கு வையுங்கள். கரி உலோகம் போலக் கரையாது. அதன் பித்தளைத் தொப்பியில் வயரை சால்டர் செய்து, அந்த இடத்தைத் தண்ணீருக்கு மேலேயே நிறுத்தி எம்-சீல் வைத்து மூடிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரியில் இந்தக் குச்சி கிடையாது, அதை உடைக்க வேண்டாம்.

தொட்டியில் கால், அரை, முக்கால் என்று எல்இடி காட்டும் சர்க்யூட்டில் கரைவு இன்னும் மோசம், ஏனென்றால் கீழ்க்கம்பிகளில் எந்நேரமும் மின்சாரம் ஓடும். அதற்கு ஒரு புஷ் பட்டன் போட்டுவிடுங்கள். பார்க்க வேண்டும் என்றால் அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்குப் பத்து விநாடி ஓடும் மின்சாரம் கம்பியை ஒன்றும் செய்யாது.

12 வோல்ட் என்பது 12 வோல்ட் இல்லை

படகு விளக்குக்கு எல்இடி கட்டுபவர்கள் எல்லோரும் செய்வது இது. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3.1 வோல்ட், மூன்றை வரிசையாகச் சேர்த்தால் 9.3. மிச்சம் 2.7 வோல்ட்டை 150 ஓம் ரெசிஸ்டரில் விட்டால் 18 மில்லிஆம்ப். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் வரை ஏறும். அப்போது மிச்சம் 5.1 வோல்ட், எல்இடியில் 34 மில்லிஆம்ப். 20 மில்லிஆம்ப் எல்இடி நாலைந்து மாதத்தில் மங்கி, ஒவ்வொன்றாகக் கருகும். கடையில் கொடுத்த எல்இடி மட்டம் என்று திட்டுவோம்.

வரிசைக்கு இரண்டு எல்இடி மட்டும் வைத்து 390 ஓம் போடுங்கள். 12 வோல்ட்டில் 15 மில்லிஆம்ப், 14.4-ல் 21. ரெசிஸ்டரில் கொஞ்சம் அதிகமாகச் சூடு வீணாகும் என்பது உண்மை. ஆனால் நடுக்கடலில் இருட்டில் விளக்கு அணையாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிது.

இதே பேட்டரியில் இன்னொரு தவறும் நடக்கும். விடியற்காலை இருட்டில் அவசரமாக மாட்டும்போது பிளஸ் மைனஸ் மாறிவிடும். வரிசையில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்தால் காப்பாற்றும், 0.7 வோல்ட் போய்விடும். அதைவிட நல்ல வழி, பேட்டரி முனைக்கு அருகிலேயே ஒரு 1 ஆம்ப் ஃபியூஸ், அதற்குப் பின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு 1என்5408 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். சரியாக மாட்டினால் டயோடு சும்மா இருக்கும். மாற்றி மாட்டினால் ஃபியூஸ் போகும், சர்க்யூட் பிழைக்கும். ஃபியூஸை சர்க்யூட் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் வயர் வழியில் உராய்ந்து ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் அங்கே உதவாது.

அந்தி விளக்கு

எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும் பாகம்) வைத்த தானியங்கி விளக்கு அந்தி நேரத்தில் 'டக் டக் டக்' என்று ரிலேயை (காயிலால் இயங்கும் சுவிட்ச்சை) அடித்துக்கொண்டே இருந்தால், விளக்கின் வெளிச்சம் எல்டிஆர் மேலேயே விழுகிறது என்று அர்த்தம். எரிந்ததும் பகல் என்று நினைத்து அணைக்கும், அணைந்ததும் இரவு என்று எரிக்கும். எல்டிஆரை ஒரு கறுப்புக் குழாய்க்குள் விட்டு, விளக்குக்கு முதுகு காட்டி, வானத்தைப் பார்க்க வையுங்கள். பாதி தீர்ந்தது.

சோலார் பேனல் வைத்த விளக்கு என்றால் எல்டிஆரே வேண்டாம், பேனலே வெளிச்சத்தைச் சொல்லும். 4 வோல்ட் பேட்டரியை 6 வோல்ட் பேனல் 1என்5819 டயோடு வழியாகச் சார்ஜ் செய்யட்டும். பேனலின் பிளஸ்ஸிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக முதல் பிசி547-இன் பேஸுக்கு. அந்தப் பேஸிலிருந்து மைனஸுக்கு 3.3 கிலோ ஓம். அதன் கலெக்டர் (டிரான்சிஸ்டரின் இன்னொரு கால், மூன்றாவது எமிட்டர்) இரண்டாவது பிசி547-இன் பேஸை அமுக்கிப் பிடித்திருக்கும், அந்தப் பேஸுக்குப் பேட்டரியிலிருந்து 4.7 கிலோ ஓம். இரண்டு எமிட்டரும் மைனஸுக்கு. எல்இடி தன் ரெசிஸ்டரோடு இரண்டாவதின் கலெக்டரில். பேனல் 2.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலாவது பிடியை விடும், விளக்கு எரியும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, 10 கிலோ ஓமை டயோடுக்குப் பிறகு, பேட்டரி பக்கத்தில் இணைப்பது. அப்படிச் செய்தால் பேட்டரி வோல்ட்டேஜையே பகல் என்று நினைத்து விளக்கு எப்போதுமே எரியாது.

சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 இல்லையென்றால், அணையும் கணத்தில் எழும் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். கோடு பிளஸ் பக்கம். பிசி547-இன் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதேபோல இருக்கும் பிஎன்2222-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். 555-இன் 4-ஆம் காலை அந்தரத்தில் விடாமல் பிளஸ்ஸோடு கட்டுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்து 230 வோல்ட்டிலிருந்து நேராக எல்இடி எரிக்கும் சர்க்யூட்டைச் செய்யாதீர்கள். 34 மில்லிஆம்ப் வரும், எல்இடி எரியும், செலவு குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் அந்த சர்க்யூட்டின் ஒவ்வொரு புள்ளியும் வீட்டு லைனோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. மீன் அலசிய கையோடு, உப்பு ஈரம் காயாத கையோடு வருகிறவர்கள் தொடும் இடம் நம் வீடுகள். ஈரத்தோலில் மின்சாரம் எளிதாக ஏறும். பரணில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜர் ஒன்றை எடுங்கள். 5 வோல்ட் தரும், லைனிலிருந்து பிரிந்தும் இருக்கும்.

பெட்டி

சர்க்யூட்டை டப்பாவில் வைத்துச் சிலிக்கான் கொண்டு அடைப்பவர்கள், டியூபைப் பிதுக்கி முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலம் விட்டு இறுகும் வகை, உள்ளே இருக்கும் செம்பைத் தின்னும். வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை அடைத்தாலும் பகல் சூட்டில் காற்று விரிந்து வெளியேறி, இரவில் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். இறுக அடைத்த பெட்டிக்குள் அது துளிர்த்து வெளியே போக வழியில்லாமல் நிற்கும். பெட்டியின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். வயரைப் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைத்து, நுழையும் முன் அதைக் கீழே தொங்கும் வளைவாக விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடி வந்து, அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.