வயசைச் சொல்லாதீங்க, எடையைச் சொல்லுங்க

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு ஓடிவரும் இளம் அப்பாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஒண்ணு குடுங்க." எத்தனை கிலோ என்று கேட்டால் முழிப்பார்கள். "ஒரு வயசு ஆகப்போகுதுக்கா" என்பார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் 14 வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். வயசை வைத்து அளவு சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு வயதில் ஏழரை கிலோ குழந்தையும் உண்டு, பதினொரு கிலோ குழந்தையும் உண்டு. பாரசிட்டமாலின் கணக்கு எடையோடு போவது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 6 மணி நேரம் என்றால் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. அங்கன்வாடியில் போட்ட எடை பழசாகிவிட்டதா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். நீங்களாக எந்த மருந்தும் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். ராத்திரி என்றாலும் போங்கள்.

இனி பாட்டில். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஒரே பாரசிட்டமால் மூன்று விதமாக வருகிறது. சின்ன பாட்டிலில் சொட்டு மருந்து, 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஒன்று, 5 மில்லியில் 120 அல்லது 125. இன்னொரு சிரப், 5 மில்லியில் 250. ஒன்பது கிலோ பிள்ளைக்குச் சொட்டு மருந்து என்றால் 1 மில்லி, முதல் சிரப் 5 மில்லி, இரண்டாவது சிரப் இரண்டரை மில்லி. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு மருந்துதான்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்கு அப்போது ஒன்பது கிலோ. டாக்டர் 120 சிரப்பை 5 மில்லி கொடுக்கச் சொல்லியிருந்தார். பாட்டில் தீர்ந்துபோய், அத்தான் வேறு ஒரு கடையில் காய்ச்சல் மருந்து என்று கேட்டு வாங்கிவந்தது சொட்டு மருந்து. அம்மா பழைய பாட்டில் மூடியிலேயே 5 மில்லி ஊற்றி, ராத்திரி ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் 500 மில்லிகிராம்! காலையில் நான் போனபோது 15 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பையன் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தான். அதை நம்பக் கூடாது. பாரசிட்டமால் அதிகமானால் முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், கல்லீரல் கெடுவது பின்னால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அம்மா வெகுநாள் பேரனுக்கு மருந்து கொடுக்கவே பயந்தார்.

அதனால் புது பாட்டில் வாங்கினால், பழைய அளவு மறந்துபோகட்டும். லேபிளில் எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று படித்து, கடைக்காரரையே கணக்குப் போடச் சொல்லி, மில்லியை பாட்டிலின் மேல் பேனாவால் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்க மாட்டோம்.

அளக்கச் சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு. பாலாடையில் ஊற்றினால் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள், சில ரூபாய்தான். பாட்டிலைக் குலுக்கி, உறிஞ்சி, காற்றுக் குமிழை வெளியே தள்ளி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிள்ளையைச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். பால் பாட்டிலில் கலப்பதும் சரிவராது. பாதிப் பாலை மிச்சம் வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

சளி சிரப் கேட்டு வருகிறவர்களிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன். பல சளி சிரப்புகளில் பாரசிட்டமாலும் சேர்ந்திருக்கும். அதோடு காய்ச்சல் மருந்தும் கொடுத்தால் இரட்டை அளவு. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப்புகளே கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசும் அப்போது அறிவுறுத்தியது. அந்தச் சிறு குழந்தைகளுக்கு உப்புத்தண்ணீர் மூக்குச் சொட்டும் தாய்ப்பாலும் போதும். ஒரு வயது ஆகும்வரை தேனும் கூடாது. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

பவுடராக வரும் ஆன்டிபயாட்டிக்கில், கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். கலக்கிய தேதியை எழுதுங்கள், லேபிளில் சொன்ன நாளுக்கு மேல் மிச்சத்தை வைக்காதீர்கள்.

வீட்டில் ஆச்சி, அம்மா, அப்பா என்று மூன்று பேர் மருந்து கொடுப்பதாக இருந்தால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். மணி, மில்லி, கொடுத்தவர். கொடுத்த கையோடு எழுத வேண்டும்.

அளவு தப்பிவிட்டதா? வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காத்திருந்து பார்க்காதீர்கள். அதிகமான பாரசிட்டமாலின் நஞ்சை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏறுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப்போங்கள், காலியாக இருந்தாலும்.