க்ரூஸர் பைக்: பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

க்ரூஸர், அதாவது கால் முன்னே நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பைக், வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஷோரூம் வாசலை மிதிக்கும் முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள். "புல்லட்டுன்னா புல்லட்டுதான், வேற பேச்சே வேணாம்" என்பவர் ஒரு ரகம். "அந்தக் கம்பெனி வண்டி எனக்கு வேணவே வேணாம்" என்பவர் இன்னொரு ரகம். பிராண்டு மேல் பாசம் வைப்பதில் தப்பில்லை. அது எத்தனை ரூபாய்ப் பாசம் என்று தெரியாமல் வைப்பதுதான் தப்பு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். மனதில் இருக்கும் பைக்கை இடது பக்கம் எழுதுங்கள். அதே வேலையைச் செய்யும் இன்னொரு கம்பெனி பைக்கை வலது பக்கம். இரண்டுக்கும் கீழே ஐந்து வருடம், 40,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டு ஆன்-ரோடு விலை, பெட்ரோல், சர்வீஸ், டயர், செயின் செட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஐந்தாம் வருடம் விற்றால் என்ன கிடைக்கும் என்பதைப் பழைய வண்டி விற்கும் இரண்டு கடைகளில் கேட்டுக் கழித்துவிடுங்கள். மிஞ்சும் வித்தியாசம்தான் உங்கள் பாசத்தின் விலை. 15,000 வந்தால் மனசுக்குப் பிடித்ததை வாங்குங்கள், ஐந்து வருடத்துக்கு மாதம் 250 ரூபாய்தான். 80,000 வந்தால் ஒரு நாள் தள்ளிப் போட்டு யோசியுங்கள்.

350 சிசி என்ற கோடு

இந்தக் கணக்கில் பெரிய தொகையை முடிவு செய்வது பிராண்டு அல்ல, சிசி, அதாவது இன்ஜினின் கொள்ளளவு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதற்கு முன்பு 350 வரை 28, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31. மூன்று சதவீதமாக இருந்த இடைவெளி 22 ஆகிவிட்டது.

வரிக்கு முந்தைய விலை 1,70,000 என்று இரண்டு பைக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 349 சிசி பைக் 2,00,600 ஆகும். 440 சிசி பைக் 2,38,000 ஆகும். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இரு சக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம் என்பதால், அந்த விலைகளின் மேல் போட்டால் முதலாவதுக்கு 24,072, இரண்டாவதுக்கு 28,560. புது வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 150 முதல் 350 சிசி வரை 7,365, அதற்கு மேல் 15,117, இரண்டுக்கும் மேல் 18 சதவீத வரி. எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் சுமார் 51,000 ரூபாய். வண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, ஜாவா 42 பாபர், பஜாஜ் அவெஞ்சர் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். சூப்பர் மீட்டியார் 650, கவாசாகி எலிமினேட்டர், ஹார்லி-டேவிட்சன் எக்ஸ்440 அந்தப் பக்கம். ஹார்லி 440-ஐ உட்காரும் நிலையை வைத்து க்ரூஸர் என்று சொல்ல முடியாது, ஆனால் வாங்க வருகிறவர்கள் இந்தப் பட்டியலில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

பெட்ரோல் கணக்கு இதைவிட எளிது. வருடம் 8,000 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 35 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 22,900, 25 கொடுக்கும் வண்டிக்கு 32,000. புதுச்சேரியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதற்காகக் கடலூரிலிருந்து 22 கி.மீ. போய்ப் போட்டு வருவதெல்லாம் வேறு வேலையாகப் போனால் மட்டும் லாபம்.

பிஒய் நம்பர் ஆசை

புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர்களுக்கு பிஒய் 01 என்ற புதுச்சேரி நம்பர் மேல் எப்போதும் ஒரு கண். மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்கியாக வேண்டும். புதுச்சேரியில் உண்மையான முகவரி இல்லாமல் பதிவு செய்தால் கடைசியில் என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்று) படிவம் 28, புது நம்பருக்குப் படிவம் 27, தமிழ்நாட்டு வரி என்று எல்லாம் திரும்பி வரும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் நேரத்தில் முகவரியில் கேள்வி வந்தால் மிச்சம் பிடித்த தொகை போல இரண்டு மடங்கு தலைவலி. கடலூரில் இருந்தால் டிஎன் 31 போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பேர் அதே, இன்ஜின் வேற

"எங்க அப்பா புல்லட் வச்சிருந்தார், அதனால் எனக்கும் அதே" என்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பா ஓட்டியது வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின். பிறகு கியர்பாக்ஸையும் இன்ஜினையும் ஒரே கூட்டில் சேர்த்த இன்ஜின் வந்தது. 2020 நவம்பரில் மீட்டியாரோடு வந்த 349 சிசி இன்ஜினில் வால்வைத் தள்ளும் புஷ்ராடு கம்பி இல்லை, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலையிலேயே, அதிர்வைக் குறைக்க பேலன்சர். 20 பிஎச்பி, 27 நியூட்டன் மீட்டர். அடுத்தடுத்த வருடங்களில் கிளாசிக்கும் புல்லட்டும் இதே இன்ஜினுக்கு மாறிவிட்டன, ஹன்டர் வந்ததே இதோடுதான். பழைய புல்லட்டின் டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) காதாலேயே செட் பண்ணும் மெக்கானிக்கிடம் இதைக் கொடுத்தால் அவரும் புதிதாகத்தான் கற்க வேண்டும். அந்த அளவுக்குப் பழைய பாசம் இங்கே செல்லாது.

ஆனால் நான்கு மாடலுக்கும் ஒரே இன்ஜின் என்பதால் உதிரி பாகம் கிடைப்பது சுலபம். அவெஞ்சர் 220-க்கும் அதே கதைதான். அதன் இன்ஜின் பல்சர் குடும்பம், எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்த்தது.

எனவே பிராண்டை நம்பும் முன் ஸ்பேர் கடையைக் கேளுங்கள். கிளட்ச் கேபிள், முன் பிரேக் பேடு, ஆயில் ஃபில்டர், கிளட்ச் பிளேட் செட், இடது பக்கக் கண்ணாடி. இந்த ஐந்தும் கையில் இருக்கிறதா, என்ன விலை, இல்லையென்றால் எத்தனை நாள்? கடலூரில் ஒரு கடை, புதுச்சேரியில் ஒரு கடை. ஐந்தில் மூன்றுக்கு "ஆர்டர் போடணும் சார்" என்று பதில் வந்தால், அந்த பிராண்டின் வண்டி வருடத்தில் சில வாரம் வீட்டு வாசலில் நிற்கும் என்று அர்த்தம். சர்வீஸ் சென்டர் சென்னையில்தான் என்றால் புதுச்சேரியிலிருந்தே போக 150 கி.மீ., வர 150 கி.மீ., ஒரு நாள் லீவு. இதையும் தாளில் எழுதுங்கள்.

பெரிய பேர் என்பதாலேயே நிலையாக இருக்கும் என்றும் இல்லை. ஹார்லி-டேவிட்சன் 2020-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திய பிறகு விற்பனையும் சர்வீஸும் ஹீரோ கைக்கு வந்தன. நல்லவேளையாக ஒருவர் ஏற்றுக்கொண்டார். எல்லா பிராண்டுக்கும் அப்படி ஆள் கிடைப்பதில்லை.

உப்புக்காற்றுக்கு பிராண்டு தெரியாது

க்ரூஸர் என்றாலே குரோம். நம் ஊருக்கு வில்லனும் அதுதான். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ வீடு என்றால் விலைப்பட்டியலைவிட இந்தப் பகுதி முக்கியம்.

குரோம் பூச்சு மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதில் உண்டு. உப்பு ஈரம் அந்தத் துளை வழியாக அடியில் உள்ள இரும்பைத் தொடும், துரு உள்ளேயிருந்து கிளம்பி மேலே வரும். முதலில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி. விரல் நகத்தால் தடவினால் லேசாக உறுத்தும். அந்தக் கட்டத்தில் துணியால் துடைத்தால் போய்விட்டதுபோல் இருக்கும், இரண்டு வாரத்தில் அதே இடத்தில் வரும். அது துடைக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

ஷோரூமில் வண்டியின் முகத்தைப் பார்க்காதீர்கள், குனிந்து வயிற்றைப் பாருங்கள். சைலன்சரின் அடிப்பக்கம், வெல்டு போட்ட இடம், கால் ஸ்டாண்டு ஸ்பிரிங், ஸ்போக்ஸ் வீலில் கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள், ஹேண்டில்பார் போல்ட்டுத் தலைகள். கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் நின்ற டிஸ்ப்ளே வண்டியில் புள்ளி இங்கேதான் முதலில் தெரியும். அதே மாடலில் கறுப்பு சைலன்சர், அலாய் வீல் வகை இருந்தால் இந்த ஊருக்கு அதுதான் புத்திசாலித்தனம். அலாயில் டியூப்லெஸ் டயர் போட முடியும் என்பதால் ஈசிஆரில் பஞ்சர் ஆனாலும் வீலைக் கழற்றாமல் ஒட்டலாம். அழகில் ஸ்போக்ஸ் ஜெயிக்கும், மறுக்கவில்லை.

வாங்கிய பிறகு: வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசல். உப்பு போர் தண்ணீரில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். அதுதான் வீட்டில் வருகிறதென்றால் கடைசியாக ஒரு வாளி குடிதண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்துவிடுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒரு முறை லூப், மழையில் நனைந்தால் அன்றே. பிளாஸ்டிக் கவர் போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கித் துருவை வளர்க்கும், துணிக் கவர் நல்லது. தினமும் பால் வாங்க இரண்டு கி.மீ. மட்டும் போகும் வண்டியில் சைலன்சர் உள்ளேயிருந்தே அரிக்கும், தண்ணீர் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறாததால். வாரம் ஒரு நாள் 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

டெஸ்ட் ரைடு

காலி ரோட்டில் எல்லா க்ரூஸரும் ராஜாதான். சாயங்காலம் ஆறு மணிக்குப் புதுச்சேரி மரப்பாலம், முருங்கப்பாக்கம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் கனமா, வலது கால் பக்கம் சூடு எவ்வளவு, 190 கிலோ வண்டியைக் காலால் தள்ளிப் பின்னே எடுக்க முடிகிறதா என்பது அங்கே தெரியும். மீட்டியார் 350 191 கிலோ, சூப்பர் மீட்டியார் 241. அந்த 50 கிலோ ஓடும்போது தெரியாது, வீட்டு சாய்தளத்தில் ஏற்றும்போது தெரியும்.

பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். இந்த விஷயத்தில் கணவர் வாங்கி மனைவி திட்டும் வீடுகள் அதிகம். கால் முன்னே நீட்டி உட்காரும்போது பள்ளத்தின் அடி நேராக இடுப்பெலும்பில் இறங்கும். இருவராக ஏறி வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சூப்பர் மீட்டியாருக்கு தரையிலிருந்து இடைவெளி 135 மி.மீ.தான், மீட்டியார் 350-க்கு 170. உங்கள் தெருவில் யாரோ சிமென்ட் கொட்டிப் போட்ட தடையைத் தாண்டுமா என்பதே கேள்வி.

கொட்டேஷனும் கடனும்

வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்-ஷோரூம், வரி, இன்சூரன்ஸ் மூன்றும் தவிர்க்க முடியாதவை. "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று தனியாக வந்தால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பேசினால் போகும். கிராஷ் கார்டு, சீட் கவர், டேங்க் பேடு என்று 8,000 ரூபாய்க்கு "கம்பல்சரி பேக்கேஜ்" கட்டாயம் அல்ல. இன்சூரன்ஸை வெளியே எடுக்கலாம், டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் வெள்ளம் புதிதல்ல என்பதால் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடனில் மாட்டுவது வட்டி விகிதத்தில். "எட்டு பர்சன்ட்தான் சார்" என்றால் ஃபிளாட்டா (கடைசி வரை முதல் கடன் தொகை முழுவதற்கும் வட்டி), குறையும் இருப்பின் மேலா (மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 1,80,000 ரூபாய், 36 மாதம், 8 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 43,200, மாதத் தவணை 6,200. குறையும் இருப்புக் கணக்கில் அது சுமார் 14.5 சதவீதத்துக்குச் சமம். வங்கியில் 10.5 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 5,850, மொத்த வட்டி சுமார் 30,600. சதவீதத்தில் எட்டு சின்னதாகத் தெரியும், ரூபாயில் அதுதான் பெரியது.

பழைய வண்டி என்றால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரி நகரமே தண்ணீரில் நின்றது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அப்போது மூழ்கிய வண்டிகள் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரும். சீட்டைக் கழற்றி ஒயரிங் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். செம்பில் பச்சைப் பூத்திருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டி மூலையில் வண்டல் இருக்கும், அங்கே யாரும் கழுவ மாட்டார்கள். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றிருந்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்திருக்கும். அது இன்று ஓடும், ஆறு மாதம் கழித்துத் தட்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ரப்பர் சீல் ஏறி இறங்கும் பகுதியை விரலால் தடவுங்கள். துருக் குழி இருந்தால் சீல் மாற்றினாலும் மறுபடி கிழியும், குழாயையே மாற்ற வேண்டும். பெட்ரோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்து டேங்க் உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். காகிதத்தில் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனி முத்திரையோடு படிவம் 35. அந்த 35 கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.