தாது வருடப் பஞ்சத்தை ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களில் தேடுவது எப்படி?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி ஆஸ்திரேலியாவில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நிறையவே இருக்கிறது. 1877 ஆகஸ்டில் மெட்ராஸில் கூடிய பொதுக்கூட்டம் உதவி கேட்ட பிறகு, ஆஸ்திரேலியாவிலிருந்த பிரிட்டிஷ் காலனிகளிலும் பஞ்ச நிவாரண நிதி திரட்டினார்கள். அந்தச் செய்திகளை வீட்டிலிருந்தே, காசு செலவில்லாமல் படிக்கலாம்.

முதலில் அந்தப் பழைய செய்தித்தாள்கள் இருக்கும் இணையதளத்தைத் திறங்கள். பெயர் 'ட்ரோவ்'. ஆங்கிலத்தில் டி, ஆர், ஓ, வி, இ. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009இல் தொடங்கியது. செய்தித்தாள்கள் 1803இல் வெளிவந்த 'சிட்னி கெஜட்'டிலிருந்து தொடங்கி, பெரும்பாலும் 1954 வரை கிடைக்கும். அதற்குப் பின் பதிப்புரிமை குறுக்கே நிற்கிறது. படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

அடுத்து, தேடுசொல். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இன்றைய ஊர்ப்பெயர்களை மறந்துவிடுங்கள். திருநெல்வேலி என்றால் 'டின்னவேலி', திருச்சி என்றால் 'ட்ரிச்சினாப்பொலி', தஞ்சாவூர் என்றால் 'டான்ஜோர்' என்று வெள்ளைக்காரன் எழுதியபடியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். பஞ்சத்தை அவர்கள் 'இந்தியன் ஃபேமின்' என்றே பெரும்பாலும் குறிப்பிட்டார்கள். இரண்டு சொற்களையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் சேர்ந்து வரும் இடங்கள் மட்டும் அகப்படும்.

முடிவுகள் குவிந்து மலைக்க வைக்கும். செய்தித்தாள் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டை 1877 என்று சுருக்குங்கள். விளம்பரங்களை ஒதுக்கிவிட்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கவும் வடிகட்டி உண்டு. ஆனால் ஒருமுறை விளம்பரங்களையும் எட்டிப் பாருங்கள். நிதிக்கூட்ட அறிவிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு செய்தி கண்ணில் பட்டால் திறங்கள். ஒரு பக்கம் பழைய தாளின் படம், மறுபக்கம் இயந்திரம் அதைப் படித்து எழுதிய எழுத்து. தந்திச் செய்தியாக இருந்தால் நாலைந்து வரிதான் இருக்கும். 1872இல் கண்டம் முழுவதும் தந்திக்கம்பி இழுத்து, டார்வின் வழியாகக் கடலடிக் கம்பியோடு இணைத்திருந்தார்கள். அந்தக் கம்பி ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு கடந்து வந்து சேர்ந்த இடம் வேறு எதுவுமில்லை, நம் மெட்ராஸ்தான்.

இப்போது இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். மை பரவிய இடத்திலும் தாள் மடிந்த இடத்திலும் இயந்திரம் உளறியிருக்கும். 'ஃபேமின்' என்பதன் முதலெழுத்து மங்கியிருந்தால் 'லேமின்' என்று பதிந்துவிடும். இனி யார் 'ஃபேமின்' என்று தேடினாலும் அந்த வரி அகப்படாது. படம் பத்திரமாக இருக்கிறது. தேடுபவருக்கோ அப்படி ஒரு செய்தியே இல்லை.

இதைச் சரிசெய்ய நூலகருக்கு மனுப் போட வேண்டாம். நீங்களே செய்யலாம். எழுத்துப் பகுதியில் திருத்துவதற்கான பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வரியும் தனிப் பெட்டியாகத் திறக்கும். படத்தில் உள்ளபடி மாற்றிச் சேமியுங்கள். உலகெங்கும் முன்பின் அறியாதவர்கள் இப்படிக் கோடிக்கணக்கான வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள். இலவசக் கணக்கு ஒன்று இருந்தால் நீங்கள் திருத்தியவற்றின் கணக்கு உங்கள் பெயரில் சேரும்.

ஒரு கட்டுப்பாடு: அச்சில் உள்ளது உள்ளபடி. 1877இல் அச்சுக்கோப்பவர் ஊர்ப்பெயரைத் தப்பாகக் கோத்திருந்தால் அந்தத் தப்பையே வையுங்கள். 'டின்னவேலி'யைத் திருநெல்வேலி ஆக்கிவிட என் கையும் துறுதுறுத்தது உண்டு. கூடாது. வேண்டுமானால் அந்தச் செய்திக்குக் குறிச்சொல்லாகவோ பின்குறிப்பாகவோ இன்றைய பெயரைச் சேர்க்கலாம். வரிகளை ஒன்றாக இணைப்பதும் வேண்டாம். படத்தில் எங்கே வரி முறிகிறதோ அங்கேயே முறியட்டும்.

கடைசியாக, உலாவியின் மேல்பட்டியிலுள்ள நீண்ட முகவரியை நகலெடுக்காதீர்கள். அதில் உங்கள் தேடலின் குப்பையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். மேற்கோள் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்திக்கான நிலையான முகவரியும், நாளிதழின் பெயர், தேதி, பக்க எண்ணும் சேர்ந்து கிடைக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தேடுசொல்லை மறுபடி இட்டுப் பாருங்கள். சற்று நேரம் பிடித்தாலும், நீங்கள் திருத்திய வரி பட்டியலில் வந்து நிற்கும்.